தோளில் என் விரல்களோடு நீ போன ஊர்கள்

காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தேன், ஃப்ளெக்ஸ் நெடி மூக்கில் ஏறியது. கீழ்த்தளத்தில் பேனர் அச்சடிக்கிற கடை. விம்கோ நகரில் இந்த வீடு ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பது குடிவந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. புது மையும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த நெடி காபியில் இறங்கும், காயப்போட்ட துணியில் இறங்கும். கல்யாணமா, காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா என்று தினமும் எட்டிப் பார்ப்பேன். இன்று பார்க்கப் பிடிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே தெருவில் வளர்ந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? ஆனால் ஒரு நாள், மீன்பிடித் துறைமுகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் புது வேலை என்னவென்று விசாரித்தாய். மென்பொருளுக்கு விளக்கம் எழுதுகிறேன், ஆனால் இப்போதெல்லாம் அதை மனிதர்கள் படிப்பதில்லை, இன்னொரு மென்பொருள்தான் படிக்கிறது என்றேன். டீ புரையேறச் சிரித்தாய். "இன்னா மாமு, மெஷினுக்கு லெட்டர் எய்தறியா? அது பதிலு போடுதா?" போடுகிறது என்றேன். "அப்ப சரி. எனுக்குதான் எவனும் லெட்டரு போட்டதில்ல" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனாய். இந்தா, போடுகிறேன். வாங்கிக்கொள்ள நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் பிரச்சினை.

உன்னோடு கடலுக்குப் போனவர்கள் சொன்னதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். விசைப்படகில் நீதான் இன்ஜின் பார்ப்பவன். நல்ல உச்சி வெயில். அலை என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. குழம்பை இறக்கி வைத்து, தட்டு எடுத்து வைத்து, உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உன் செல்போன் சார்ஜில் கிடந்தது. தண்ணீரில் எதுவும் விழுந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. மற்றப் படகுகளும் வந்து சுற்றிச் சுற்றித் தேடின. ஒரு முழத் துணிகூடக் கிடைக்கவில்லை.

உடம்பு வரவில்லை, பேனர் வந்துவிட்டது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒருவர் கண்ணை மூடினால், ஐஸ் பெட்டி வந்து சேர்வதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஏறிவிடும். நம் பையன்களும் பாசத்தில்தான் செய்தார்கள். உன் மகளின் ஞானஸ்நானத்தில் நீயும் நானும் சேர்ந்து நின்ற படம் ஒன்று அவர்களிடம் இருந்தது. நான்தானே அவளுக்கு ஞானத்தகப்பன். அதில் என்னை வெட்டி எறிந்துவிட்டு உன்னை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளையும் போட்டுவிட்டார்கள்.

உன் மனைவி ரீட்டா தெருவில் இறங்கி நின்று கத்தியதை நீ கேட்டிருக்க வேண்டும். "எவன்டா தேதி போட்டது? நீ பாத்தியா? கடல்ல எப்போ இன்னா ஆச்சினு நீ கூட நின்னு பாத்தியா? எறக்குடா அத்த!" பையன்கள் பயந்துவிட்டார்கள். பேனரை இறக்கிச் சுருட்டினார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு அவள் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. பழவேற்காட்டில் யாரோ ஒருவன் பேர் தெரியாமல் சுற்றுகிறான் என்று காற்றில் செய்தி வந்தால் போதும், இறால் உரிக்கிற ஷெட்டில் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். பங்குச் சாமியார் பொறுமையானவர், இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்து, உன் ஆன்மாவுக்கு ஒரு பூசை வைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். "உசுரோட கீற ஆளுக்கு எதுக்கு ஃபாதர் பூசை?" என்று அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் நீ திரும்பி வந்தது அதன் வழியாகத்தான்.

ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. ஃபோனில் வாயால் கேட்டால் நமக்காக நாலு இடத்தில் தேடி, வேலையை முடித்துவிட்டு வந்து சொல்லும் மென்பொருள். புகைப்படம் வேண்டுமென்றால் அது எங்கள் கம்பெனியின் கருவியைக் கூப்பிட வேண்டும். கருவி ஆல்பங்களுக்குள் புகுந்து, கேட்ட முகம் இருக்கிற படங்களைப் பொறுக்கி, எந்த நாள், எந்த இடம், படத்தில் என்ன தெரிகிறது என்ற குறிப்போடு அதன் கையில் கொடுக்கும். கருவியை எப்போது கூப்பிடுவது, அது கொடுப்பதற்கு என்ன பொருள் என்று ஏஜென்டுக்குச் சொல்லித்தருவது என் ஆவணம். நான் எழுதியதைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது. எழுதியதை அப்படியே நம்பும். நம் ஜென்மத்தில் நம்மை இப்படி யார் நம்பியிருக்கிறார்கள், சொல்!

அந்த ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஒரு படத்தில் ஒருவருடைய முகம் இருந்தால், அந்த நாளில் அவர் அந்த இடத்தில் இருந்தார் என்று பயனருக்குத் தெரிவிக்கலாம்.' எழுதும்போது எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மேலே இருப்பவர்களும் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். கல்யாண ஆல்பம், சுற்றுலா ஆல்பம் என்று பார்த்தவர்களுக்கு அது சரியான வரிதான். வடசென்னையில் தெருவுக்குத் தெரு மனிதர்களைவிடப் பெரிய முகங்கள் தொங்குகின்றன என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்து பேனர் கடைக்கு மேலேயே குடியிருக்கிற எனக்குத் தோன்றவில்லை பார்.

கருவியை வெளியே விடுவதற்கு முன்பு ஊழியர்களைச் சொந்த ஆல்பங்களில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அதே சமயத்தில் ரீட்டா என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். மகளுக்குப் புதுநன்மை வருகிறது, முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள், அவள் அப்பா இருக்கிற படமெல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்று. சொந்தக்காரர்கள், தெருப் பையன்கள், கோயில் இளைஞர்கள் எல்லாரும் தங்கள் ஃபோனில் இருந்ததை ஒரு பொது ஆல்பத்தில் அள்ளிக் கொட்டினார்கள். அவளிடமும் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் அந்த ஆல்பத்தைக் கருவியோடு இணைத்து, ரீட்டாவின் ஃபோனில் ஏஜென்டைப் போட்டுக் கொடுத்தேன். என்ன கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்லித்தரவில்லை. அவள்தான் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் கதவை உடைப்பதுபோலத் தட்டினாள். இறால் ஷெட் உடுப்புகூட மாற்றவில்லை. மூச்சு வாங்கியது. "அண்ணா, அவரு கீறாரு. சத்தியமா கீறாரு. நீ எய்தனதுதான சொல்லுது, நீயே கேளு" என்று ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஏஜென்டுக்கு அமைதியான பெண் குரல். ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போலச் சுத்தமான தமிழ். அது சொல்லத் தொடங்கியது. "காசிமேட்டில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே தெரியவில்லை." நீ காணாமல் போனதற்குப் பிந்தைய நாள். "மாதவரத்தில், ஒரு லாரியின் மேல் மல்லாந்து படுத்திருக்கிறார். கண்கள் திறந்திருக்கின்றன." அதற்கும் பிந்தைய நாள். கடைசியாகச் சொன்னது போன மழைக்காலத்து நாள். "சடையங்குப்பத்தில், வெள்ள நீருக்கு நடுவே ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். அவர் தோளில் ஒருவர் கை வைத்திருக்கிறார். அவர் தனியாக இல்லை."

பயந்துவிட்டேன்டா. பட்டப்பகலில், ஃபேன் ஓடுகிற அறையில், பின்கழுத்தில் மயிர் நட்டுக்கொண்டது. அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். நீதான். காசிமேட்டுப் படத்தில் முன்னால் யாரோ வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள், பின்னால் நீ. மாதவரத்தில் சுற்றுலா போன பையன்கள் எடுத்த செல்ஃபியில், நாலைந்து தலைகளுக்கு மேலே லாரி முதுகில் நீ வானத்தைப் பார்த்துக் கிடக்கிறாய். சடையங்குப்பத்தில் கோயில் இளைஞர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு முட்டளவு தண்ணீரில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், இருட்டான வாசலில், வாய் தெரியாமல், கண் மட்டும் தெரிய நீ நிற்கிறாய். கண் என்னையே பார்த்தது.

"யாரோ அவரு தோள புட்சிகினு கீறாங்கண்ணா. வுட மாட்டேங்கறாங்க. அதான் அவரால வர முடில" என்றாள் ரீட்டா.

தோளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு விரல்கள். மோதிர விரலில் ஜெபமாலை மோதிரம், சிலுவை கொஞ்சம் கோணலாக. என் கையைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மறுபடி என் கையைப் பார்த்தேன். ஞானஸ்நானத்தன்று உன்னை நெருக்கி நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னபோது நான் உன் தோளில் போட்ட கை அது. பையன்கள் என்னை வெட்டினார்கள், விரல்களை வெட்ட மறந்துவிட்டார்கள். மூன்று படத்திலும் உன் தலை ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தது. மூன்றும் அந்தப் பேனர்.

நம் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் குப்பைக்குப் போவதில்லையே. நாலு நாள் தெருவில் தொங்கும், பிறகு மீன் ஐஸ் பெட்டிக்குப் போர்வை, லாரிச் சரக்குக்கு மூடி, ஒழுகுகிற கூரைக்கு ஒட்டு. நீ அப்படிக் கைமாறிக் கைமாறி ஊர் சுற்றியிருக்கிறாய். உன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் உன் கூடவே சுற்றியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ரீட்டாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "பேனரா?" என்றாள். ஃபோனை எடுத்துக்கொண்டு, "நேர்ல பாக்காம நான் நம்பறதா இல்ல. வர்றியா, நானே போவட்டா?" என்றாள். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல யாரால் முடியும்? ஆட்டோ பிடித்தோம்.

சடையங்குப்பத்தில் வெள்ளம் வடிந்து எவ்வளவோ நாளாகியும் தெருச் சுவரெல்லாம் முட்டளவுக்குப் பாசிக்கோடு. படத்தைக் காட்டி விசாரித்தபோது எல்லாருக்கும் அந்த வீடு தெரிந்திருந்தது. "சாமி ஃபோட்டோ வெச்ச வூடுதான?" என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பாதி எழும்பிய செங்கல் சுவர். மீதிக்கு நீ. வாசலை ஒட்டி, உள்ளே பார்க்கிற மாதிரி இல்லாமல் வெளியே பார்க்கிற மாதிரி உன்னைக் கட்டியிருந்தார்கள். படத்தில் வாயை மறைத்திருந்த மடிப்பை இப்போது பிரித்துவிட்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தாய். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். ஆயுசில் நீ பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. காற்று அடிக்கும்போது உன் நெஞ்சும் முகமும் உப்பி உப்பி அடங்கின. மூச்சு விடுவதாகவே ஒரு கணம் நினைத்தேன். ரீட்டா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தாள். தேவி என்று பேர், ரீட்டா வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, உன் வூட்டுக்காரராக்கா? எங்க வூட்டாளுக்குத் தெரிஞ்ச லாரிக்காரு குட்த்தாரு. தெனம் மூஞ்சியத் தொட்ச்சி பொட்டு வெக்கறேன், பேரு தெரியாது. இந்த மழைக்கு தண்ணி வாசப்படி வரிக்கும் வந்துட்சி, உள்ள வரல. இவரு நிக்கறாருல்ல. எங்க வூட்டுப் புள்ள தூங்கப் போறப்ப இவருகிட்டதான் சொல்லிட்டுப் போவுது."

ரீட்டா கிட்டே போனாள். கன்னத்தைத் தொட்டாள். பிளாஸ்டிக் மொடமொடத்தது. குனிந்து கீழே தேடினாள். "தேதி எங்க?" என்றாள்.

"அத்த வெட்டிட்டோம்க்கா," என்றாள் தேவி, தப்புச் செய்துவிட்டவள்போல. "செத்த தேதிய எதுக்கு வூட்டு வாசல்ல மாட்டிகினு? கண்ணுல பட்டுகினே இருந்துச்சி. கத்திரிகோலால வெட்டி அட்ப்புல போட்டேன். தப்பா நெனிச்சிக்காதக்கா."

ரீட்டா அந்த ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். உன்னைத் தேடின நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பேனரை இறக்கச் சொல்லிக் கத்தியபோதும் அழாதவள், ஓவென்று அழுதாள். தேவியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். யார் பெற்ற பெண்ணோ, யாருக்காகவோ அழுகிறாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நீ எங்கள் மூவருக்கும் மேலே உப்பி உப்பி அடங்கிச் சிரித்துக்கொண்டு நின்றாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

கிளம்பும்போது தேவி கயிற்றை அவிழ்க்கப் போனாள். "எட்துகினு போக்கா. உன் பொருளு."

"வோணாம். மழ வந்தா நீ இன்னா பண்ணுவ?" என்று ரீட்டா அவள் கையைப் பிடித்துவிட்டாள். பிறகு உன் பெயரைச் சொன்னாள். தேவி அதை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும்போது மணலி தாண்டினோம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்று நின்று போயிற்று. திடீரென்று, "ஃபாதர்கிட்ட சொல்லிடுண்ணா. பூசை வெச்சிரலாம்" என்றாள். சரி என்றேன். மறைந்த நாள் எதுவென்று கேட்பாரே என்று இழுத்தேன். "இன்னிக்கினு சொல்லு. இன்னிக்கிதான நான் பாத்தேன்" என்றாள். அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டதும், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் படியிறங்கினேன்.

அடுத்த நாள் முதல் வேலையாக ஆவணத்தைத் திருத்தினேன். 'பேனர், சுவரொட்டி, சட்டமிட்ட படம் ஆகியவற்றில் உள்ள முகங்களை நேரில் இருந்தவர்களாகக் கொள்ளாதே. அப்படிப்பட்ட படங்களை விலக்கிவிட்டே பதில் சொல்.' கருவியிலும் அதற்கேற்ற மாற்றத்தைச் செய்தார்கள். சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். உன் பெயரையே போட்டேன். நீ காணாமல் போன நாளுக்குப் பிறகு எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று வர வேண்டும். அதுதான் சரியான விடை.

காசிமேடு விலகியது. மாதவரம் விலகியது. சடையங்குப்பம் விலகியது. ஒரு படம் வந்து நின்றது.

எண்ணூர் முகத்துவாரம். கோயில் இளைஞர்கள் கடற்கரையில் குப்பை பொறுக்கப் போன அன்று எடுத்தது. முன்னால் கோணிப்பையோடு பையன்கள் இளிக்கிறார்கள். ரொம்பத் தூரத்தில், முழங்கால் தண்ணீரில், ஒரு ஆள் பாதி திரும்பி இந்தப் பக்கம் பார்க்கிறான். பக்கத்தில் சுவரில்லை, படகில்லை, கட்டித் தொங்கவிட ஒரு கம்பம்கூட இல்லை. தண்ணீரில் அவன் நிழல் விழுந்திருக்கிறது. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. "தனியாக நிற்கிறார்" என்று சொன்னது அந்தக் குரல். படம் எடுத்த இளைஞனைக் கூப்பிட்டு, தண்ணீரில் நிற்கிறது யார் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "அந்தாண்ட ஆருமே இல்லண்ணா. நாங்க மட்டுந்தான் இருந்தோம். சேறு, எவனும் எறங்க மாட்டான்" என்றான்.

சோதனைக் குறிப்பில் 'தவறான பொருத்தம்' என்று எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வந்துவிட்டது. தூரத்து முகங்களில் கருவி தடுமாறும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரோ வலைக்காரன், யாரோ நண்டு பிடிப்பவன். பொது ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். ரீட்டாவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. என் ஃபோனிலிருந்து மட்டும் அழிக்கக் கை வரவில்லை. இதை எழுதும்போதும் அது சட்டைப்பையில் இருக்கிறது. நீயாக இருந்தால், இத்தனை நாள் அந்தப் பெண்ணை ஓடவிட்டதற்கு உன் கழுத்தை நெரித்துவிடுவேன். நீ இல்லையென்றால், நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பூசை. மன்றாட்டில் உன் பெயரை வாசிக்க ரீட்டா என்னைத்தான் கேட்டிருக்கிறாள். உன் மகள் வெள்ளை கவுனில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். தப்பில்லாமல் வாசித்துவிடுவேன். வாசிக்கும்போது தலையை நிமிர்த்திக் கோயில் கதவுப் பக்கம் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று இப்போதிருந்தே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.